சிஎன்ஜி, எல்பிஜி, மின்சாரம்: கார் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கார் வாங்கப் போகும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "சிஎன்ஜி எடுக்கலாமா?" என்றுதான். உடனே ஆமாம், இல்லை என்று சொல்ல முடியாது. மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், வீட்டிலிருந்து எத்தனை தூரத்தில் பங்க் இருக்கிறது, டிக்கியில் என்ன ஏற்றுவீர்கள் என்ற மூன்றும் தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதியை நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். அதை எப்படிச் செய்வது என்று தமிழ்நாட்டில் கார் வாங்கும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் எது எது என்ன என்று தெரிந்துகொள்வோம். சிஎன்ஜி என்பது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு. பெரும்பகுதி மீத்தேன். காரின் சிலிண்டருக்குள்ளும் அது வாயுவாகத்தான் இருக்கிறது, திரவமாக மாறுவதில்லை. அதனால் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்க வேண்டியிருக்கிறது. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சிலிண்டர் ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது என்பது புரியும்.

ஆட்டோ எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. 10 பாருக்குள்ளான அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். எனவே டேங்கும் இலேசானது, குறைந்த இடத்தில் அதிகம் பிடிக்கும். அமெரிக்காவில் 'புரொப்பேன் கார்' என்று சொல்வதும் இந்தக் குடும்பம்தான், அங்கே கலவையில் புரொப்பேன் மிக அதிகம், அவ்வளவுதான். துருக்கி, போலந்து, இத்தாலி, தென்கொரியா போன்ற நாடுகளில் எல்பிஜி கார்கள் சர்வசாதாரணம். இந்தியா சிஎன்ஜி பக்கம் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. டெல்லியின் காற்று மாசு வழக்கில் 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த நகரத்துப் பேருந்துகள் முழுவதையும் சிஎன்ஜிக்கு மாற்றச் சொன்னது. பேருந்துக்காகப் போட்ட குழாயும் பங்க்கும் ஆட்டோவுக்கும் காருக்கும் உதவின. டெல்லி, மும்பை, குஜராத் எல்லாம் இதில் நமக்கு வெகு முன்னால் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு இது தாமதமாகத்தான் வந்தது. கப்பலில் திரவமாக வரும் இயற்கை எரிவாயுவை இறக்கி மீண்டும் வாயுவாக்கும் முனையம் எண்ணூரில் 2019இல் திறக்கப்பட்ட பிறகே வேகம் பிடித்தது.

விலைப் பலகையை நம்பாதீர்கள், கிலோமீட்டருக்கு மாற்றுங்கள்

பெட்ரோல் லிட்டர் கணக்கு, சிஎன்ஜி கிலோ கணக்கு, எல்பிஜி லிட்டர் கணக்கு, மின்சாரம் யூனிட் கணக்கு. இந்த நான்கையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம். "பெட்ரோல் 100, சிஎன்ஜி 90, பத்து ரூபாய்தானே வித்தியாசம்" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதே போல, "எல்பிஜி 60 ரூபாய்தான், பாதிக்குப் பாதி லாபம்" என்று நம்பி, பெட்ரோல் காரை எரிவாயுவில் ஓட வைக்கும் கிட் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. இரண்டு கணக்குமே தவறு.

ஒரு கிலோ சிஎன்ஜி, தோராயமாக 1.4 லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்யும். இதை நிறுவனங்கள் வெளியிடும் மைலேஜிலேயே பார்க்கலாம். மாருதி வேகன்ஆர் ஒரு லிட்டர் எஞ்சினுக்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் பெட்ரோலில் 24.35 கிலோமீட்டர், சிஎன்ஜியில் கிலோவுக்கு 34.05. வகுத்துப் பாருங்கள், 1.4 வரும். எல்பிஜி நேர்மாறு. ஒரு லிட்டரில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு என்பதால் சுமார் 0.8 லிட்டர் பெட்ரோலுக்குத்தான் சமம்.

ஆக, வழி எளிது. உங்கள் ஊர்ச் சிஎன்ஜி விலையை 1.4ஆல் வகுங்கள். எல்பிஜி விலையை 0.8ஆல் வகுங்கள். வருவதைப் பெட்ரோல் விலையோடு ஒப்பிடுங்கள். சிஎன்ஜி 90 என்றால் 64 ரூபாய்ப் பெட்ரோல் போட்டதற்குச் சமம். எல்பிஜி 60 என்றால் 75 ரூபாய்ப் பெட்ரோலுக்குச் சமம். இங்கே நான் போட்டிருப்பவை கணக்குக்காக எடுத்த முழு எண்கள். அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நகர ஓட்டத்தில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 25 காசு ஆகும். அதே கார் சிஎன்ஜியில் கிலோவுக்கு 23 தந்தால் 3 ரூபாய் 90 காசு. எல்பிஜியில் 13 தந்தால் 4 ரூபாய் 60 காசு. மின்சாரக் கார் வீட்டு மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் ஓடி, யூனிட் 10 ரூபாய் என்றால் ஒன்றரை ரூபாய். வெளியே விரைவு சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் ஆனால் அதுவே 3 ரூபாய்க்கு ஏறிவிடும், சிஎன்ஜியை நெருங்கிவிடும். மின்சாரக் காரின் லாபம் முழுவதும் வீட்டில் சார்ஜ் போடும் வசதியில்தான் இருக்கிறது என்பதை இதிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம்.

போட்ட பணம் எப்போது திரும்பும்?

ஒரே மாடலில் சிஎன்ஜி வகைக்கு ஏறத்தாழ 90,000 ரூபாய் கூடுதலாகக் கேட்பார்கள். மேலே பார்த்த கணக்குப்படி கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 35 காசு மிச்சம். 90,000ஐ இதால் வகுத்தால் 38,000 கிலோமீட்டர் சொச்சம் வரும். அத்தனை தூரம் ஓடிய பிறகுதான் லாபமே தொடங்குகிறது.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். தினமும் தாம்பரத்திலிருந்து அம்பத்தூர் போய் வருகிற மாதிரி மாதம் 2,500 ஓட்டுபவருக்கு ஒன்றேகால் வருஷம். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்து, மாதம் 500 கிலோமீட்டரைத் தாண்டாதவருக்கு ஆறு வருஷம் தாண்டிவிடும். அவருக்குப் பெட்ரோல் காரே போதும். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, ஆனால் ஷோரூமில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். டாக்ஸி ஓட்டுபவர்கள் சிஎன்ஜிக்கு மாறியதன் காரணம் இந்த ஒரு வகுத்தல்தான். அவர்கள் ஓட்டும் தூரத்துக்கு ஒரே வருஷத்துக்குள் முதல் திரும்பிவிடும்.

பங்க்கைப் போய்ப் பாருங்கள்

செயலியில் பார்த்தால் போதாது, நேரில் போக வேண்டும். அதுவும் நீங்கள் வழக்கமாக எரிபொருள் போடும் நேரத்தில், காலை எட்டு மணியோ இரவு ஒன்பதோ, அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள்.

எல்லாச் சிஎன்ஜி பங்க்கும் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றுக்கு நேரடியாகக் குழாயில் எரிவாயு வருகிறது. அங்கேயே கம்ப்ரசர் வைத்து அழுத்தி ஏற்றுகிறார்கள். அங்கே அழுத்தம் நிலையாக இருக்கும். இன்னும் பல இடங்களுக்குக் குழாய் போய்ச் சேரவில்லை. அடுக்கடுக்காகச் சிலிண்டர்கள் ஏற்றிய லாரியில் எரிவாயு வருகிறது. லாரி வந்த புதிதில் நன்றாக ஏறும். சிலிண்டர்கள் காலியாக ஆக அழுத்தம் இறங்கும். அப்போது 200 பார் ஏறாது. மீட்டர் முள் 150, 160 என்று நின்றுவிடும், பங்க் ஊழியர் "இவ்வளவுதான் சார் ஏறும்" என்பார். நீங்கள் கொடுப்பது ஏறிய கிலோவுக்கு மட்டும்தான், அதில் நஷ்டம் இல்லை. ஆனால் அடுத்த வரிசையில் சீக்கிரமே நிற்க வேண்டிவரும்.

எனவே அங்கே ஏற்கெனவே வரிசையில் நிற்கும் ஆட்டோ அண்ணனிடமோ டாக்ஸிக்காரரிடமோ மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு அழுத்தம் ஏறும்? லாரி எப்போது வரும்? எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும்? தினமும் நிற்பவர்கள் அவர்கள், உள்ளதைச் சொல்வார்கள்.

சென்னை, திருவள்ளூர்ப் பகுதியில் டோரன்ட் கேஸ், கோவை, சேலம் பகுதியில் இந்தியன் ஆயில் என்று மாவட்டவாரியாக உரிமம் கொடுத்திருக்கிறார்கள். எனவே உங்கள் மாவட்டத்தில் யார் என்று தெரிந்துகொண்டு அவர்கள் தளத்தில் பங்க் பட்டியலைப் பார்க்கலாம். ஊருக்குப் போகும் வழியையும் சேர்த்துப் பாருங்கள். சிஎன்ஜி கார்களில் பெட்ரோல் டேங்கும் இருப்பதால் நடு வழியில் நிற்க மாட்டீர்கள். ஆனால் பாதித் தூரம் பெட்ரோலில் ஓட்டினால் மேலே போட்ட கணக்கு மாறிவிடும்.

ஆட்டோ எல்பிஜியில் நிலைமை வேறு. சென்னை, பெங்களூரு ஆட்டோக்களை நம்பிப் பங்க்குகள் ஓடுகின்றன, ஆனால் கார் நிறுவனங்கள் எல்பிஜி மாடல்களை ஏறக்குறைய கைவிட்டுவிட்டன. வேகன்ஆர் டுவோ என்று 2006இல் மாருதி கொண்டுவந்தது நினைவிருக்கலாம். இப்போது எல்பிஜி வேண்டுமென்றால் வெளியே கிட் போடுவதுதான் வழி. பக்கத்திலேயே நல்ல பங்க் இருந்து, கையில் ஏற்கெனவே பழைய பெட்ரோல் கார் இருந்தால் யோசிக்கலாம். புதுக் கார் வாங்குபவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டிக்கியைத் திறந்து பாருங்கள்

60 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் நடைமுறையில் எட்டு, ஒன்பது கிலோ ஏறும். 60 என்பது தண்ணீர் ஊற்றினால் பிடிக்கும் அளவு, அதை எரிவாயுவின் அளவு என்று நினைத்துவிடாதீர்கள். சித்திரை வெயிலில் மதியம் போட்டால் இன்னும் குறையும், சூட்டில் அழுத்தம் சீக்கிரம் ஏறிவிடுவதால் எடை குறைவாகவே போகும். அதிகாலையில் போடுவது நல்லது என்று ஓட்டுநர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஒற்றைச் சிலிண்டர் உள்ள காரில் டிக்கியில் பெட்டி வைக்க இடமே இருக்காது. ஸ்டெப்னியை எடுக்கவும் சிரமம். டாடா 2023இல் ஆல்ட்ராஸ் காரில் 30 லிட்டர் வீதம் இரண்டு சிறு சிலிண்டர்களை டிக்கித் தரைக்குக் கீழே படுக்க வைத்தார்கள், அடுத்த வருஷம் ஹூண்டாய் எக்ஸ்டரிலும் அதே ஏற்பாடு வந்தது. குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு இந்த வகைதான் ஏற்றது. ஷோரூமுக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் பெரிய பெட்டியை எடுத்துப்போய் வைத்துப் பார்த்துவிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஏசி போட்டு, நான்கு பேரை ஏற்றி, ஒரு மேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள். மேலே சொன்ன அதே வேகன்ஆர் பெட்ரோலில் 67 குதிரைத்திறன், சிஎன்ஜியில் 57. தட்டையான சாலையில் தெரியாது. ஏற்காடு, கொடைக்கானல் ஏற்றத்தில் தெரியும். அங்கே பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஸ்விட்ச் ஒன்றுதான்.

கிட் போடுவதாக இருந்தால்

இருக்கிற காரில் கிட் போட 50,000 ரூபாய்க்கு மேல் ஆகும். பணத்தைவிட முக்கியம் காகிதம். உங்கள் மாடலுக்கென்று அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும். போடுகிறவர் ஆர்டிஓ அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். போட்டு முடித்ததும் ஆர்சியில் எரிபொருள் வகை 'பெட்ரோல், சிஎன்ஜி' என்று மாற வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்து, பாலிசியிலும் கிட்டைச் சேர்க்க வேண்டும். "ஆர்சி எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று மெக்கானிக் சொன்னால் அங்கிருந்து வந்துவிடுங்கள். ஆர்சியில் இல்லாத கிட்டோடு விபத்து நடந்தால் இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்பட நல்ல வாய்ப்பு இருக்கிறது. நிறுவன வாரண்டி பாக்கி இருக்கும் காரில் வெளிக் கிட் போட்டால் எஞ்சின் வாரண்டியையும் இழக்கலாம், அதையும் முன்பே விசாரியுங்கள்.

வீட்டுச் சமையல் சிலிண்டரைக் காரில் மாட்டுவது பற்றி ஒரு வார்த்தை. சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். கார் எல்பிஜி டேங்கில் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வு இருக்கிறது, அழுத்தம் கூடினால் வெளியேற்றும் வால்வு இருக்கிறது, மோதலைத் தாங்கும்படி வண்டியோடு முடுக்கப்பட்டிருக்கிறது. சமையல் சிலிண்டருக்கு இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. ஆம்னி வேன்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இப்படி ஓட்டியவர்கள் இருந்தார்கள். உங்கள் பிள்ளை போகும் வேனில் அப்படி ஒன்றைப் பார்த்தால் சும்மா இருக்காதீர்கள், பள்ளியில் சொல்லுங்கள், ஆர்டிஓவிடம் புகார் கொடுங்கள்.

வாசனை வந்தால்

இயல்பில் சிஎன்ஜிக்கும் எல்பிஜிக்கும் வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்றே அழுகிய முட்டை போன்ற நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். ஓடும்போது வாசனை வந்தால் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கிக் கதவுகளைத் திறந்துவிடுங்கள். சிலிண்டரின் வாயில் கையால் திருகும் வால்வு ஒன்று இருக்கும், கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால் மூடும். கார் எடுக்கும் நாளிலேயே அதைக் காட்டச் சொல்லி, உங்கள் கையால் ஒருமுறை திருகிப் பழகிக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்கள் என்றால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

சிஎன்ஜி காற்றைவிட இலேசானது, மேலே போய்க் கலைந்துவிடும். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். நிலவறைப் பார்க்கிங் உள்ள அடுக்ககத்தில் எல்பிஜி கார் கசிந்தால் ஆபத்து கூடுதல் என்பது இதனால்தான்.

எரிவாயு நிரப்பும்போது எல்லோரும் இறங்கியாக வேண்டும். தூங்கும் குழந்தையை எழுப்ப மனம் வராது, தெரியும். எழுப்பித்தான் ஆக வேண்டும்.

பராமரிப்பு

ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் இரண்டையும் பெட்ரோல் காரைவிடச் சீக்கிரம் கவனியுங்கள். பெட்ரோல் டேங்கைக் காயவிடாதீர்கள், பல கார்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகே சிஎன்ஜிக்கு மாறுகின்றன. அதே சமயம் மாதக்கணக்கில் பழைய பெட்ரோலை அப்படியே வைத்திருப்பதும் நல்லதில்லை. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது. வாரத்துக்கு ஒருமுறை சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் புதிது போட்டு வந்தால் போதும். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் கொஞ்சம் குறைந்தது போலத் தோன்றினால் அது பிரமை இல்லை.

மின்சாரம், ஹைபிரிட், மற்றவை

சொந்த வீடு, சொந்த மீட்டர், கார் நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட், மாதம் 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். இவை நான்கும் இருந்தால் சிஎன்ஜியை விட்டுவிட்டு மின்சாரக் காரைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு, 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும். கார் மட்டும் இரண்டு மாதத்தில் 300 யூனிட் எடுக்கும். இப்போதைய பில்லோடு அதைக் கூட்டிப் பார்த்து, அந்த விகிதத்தில் கணக்குப் போடுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் பேசி முடித்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.

பங்க்கும் பக்கத்தில் இல்லை, சார்ஜ் போடவும் வழியில்லை, ஆனால் நகர நெரிசலில் நிறைய ஓட்டுகிறீர்கள் என்றால், பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் பாருங்கள், விலைதான் அதிகம். ஹைட்ரஜன் கார் இன்று சாதாரணமாக வாங்கிப் பயன்படுத்தும் நிலையில் இல்லை. சாணம், கோழி எச்சம், கரும்பாலைக் கழிவு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் உயிர்வாயுவைச் சுத்திகரித்து அழுத்தினால் அதுவும் மீத்தேன்தான். சிஎன்ஜி காரில் எந்த மாற்றமும் இல்லாமல் ஓடும். நாமக்கல் புதுச்சத்திரத்தில் இப்படி ஒரு ஆலை இருக்கிறது. பூமிக்கடியிலிருந்து எடுக்கும் வாயுவுக்குப் பதில் நம் ஊர்க் கழிவே காரை ஓட்டுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இது இன்னும் பெருக வேண்டும்.

பழைய சிஎன்ஜி கார் வாங்கினால்

பானெட்டைத் திறந்தால் அல்லது எரிவாயு நிரப்பும் வாய்க்குப் பக்கத்தில் பார்த்தால், உள்ளங்கை அளவில் ஒரு தகடு இருக்கும். வண்டி எண், சிலிண்டர் எண், கொள்ளளவு, கடைசியாகச் சோதித்த தேதி, அடுத்த சோதனைத் தேதி எல்லாம் அதில் எழுதியிருக்கும். சிஎன்ஜி சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி, தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்பது விதி. வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ அங்கீகரித்த மையங்களில்தான் செய்ய வேண்டும். சில ஆயிரம் ரூபாய் ஆகும், ஓரிரு நாள் வண்டி நிற்கும். தேதி முடிந்திருந்தால் பங்க்கில் எரிவாயு போட மறுக்கலாம், மறுப்பதுதான் சரி.

தகட்டில் உள்ள சிலிண்டர் எண்ணும் சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சோதனைச் சான்றிதழிலும் அதே எண் இருக்க வேண்டும். ஆர்சியில் சிஎன்ஜி என்று இருக்கிறதா, இன்சூரன்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலிண்டரைத் தாங்கும் பட்டைகளில் துரு இருந்தால் விலை பேசும் முன் அதைச் சொல்லுங்கள். எண் ஒத்துப்போகவில்லை என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.